பதினைந்து நிமிஷம் எங்கே போனது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, உங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த பயிற்சியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னாய். ரப்பரில் செய்த ஒரு தாய், அவள் வயிற்றுக்குள் ஒரு ரப்பர் குழந்தை. பொத்தானை அமுக்கினால் சிவப்புத் தண்ணீர் கொட்டுமாம். டாக்டர், நர்ஸ், ஆயா என்று ஆறு பேர் சுற்றி நின்று நிஜப் பிரசவம் மாதிரியே ஓடியாடிக் காப்பாற்ற வேண்டுமாம். ஒருவர் கடிகாரத்தோடு நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வாராம். "ஸ்கூல் டிராமா மாதிரி இருந்துச்சுப்பா, பாதிப் பேருக்குச் சிரிப்பை அடக்க முடியல" என்றாய். நான் "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். அந்த டிராமாவில் நானும் நடித்திருக்கிறேன் என்று அப்போது சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் நீ ஒரு பிரசவ வார்டுக்குப் பொறுப்பாகப் போகிறாய். உனக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்வார்கள் என்கிறாய். அதற்கு முன்னால் இது உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. உன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளுக்கும் இதில் ஒரு இடம் இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நீ அப்போது தொட்டிலில் இருந்தாய். தர்மபுரிக்கும் மொரப்பூருக்கும் நடுவில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் கம்பவுண்டர். மருந்து எடுத்துக் கொடுப்பது, கலந்து கொடுப்பது, இருப்பைப் பார்ப்பது என் வேலை. மருந்து அறையின் சாவியும், அதற்குள் இருந்த குளிர்சாதனப் பெட்டியின் சாவியும் என் சட்டைப் பையில் இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் மருந்துகள் காணாமல் போய் விசாரணை எல்லாம் நடந்திருந்தது. அதனால் நான் வந்ததும் எல்லாவற்றையும் பூட்டினேன். டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு ஊசி வெளியே போகாது. மேலதிகாரிகள் வந்தால் என் அறையைக் காட்டிப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. அது எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பிரசவ அறையைப் பார்த்துக்கொண்டவர் கமலம் சிஸ்டர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வேலையில் கெட்டிக்காரர், அதிகம் பேச மாட்டார். அவர் ஒருநாள் என்னிடம் வந்து, "சார், எர்கோமெட்ரின் ரெண்டு ஊசி எங்க ரூமிலேயே வெச்சுக்கறேனுங்க. அவசரத்துக்கு ஒவ்வொரு தடவையும் உங்களத் தேடி ஓடி வர முடியலீங்க" என்றார். குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் நிற்பதற்குப் போடுகிற ஊசி அது என்பது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ச்சியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். நான் அதையே காரணமாகச் சொல்லி முடியாது என்றேன். ஒரு மண்பானையும் கறுப்புத் தாளும் இருந்தால் ஒரு நாள் பொழுதுக்குச் சமாளித்திருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தோன்றியது. ஆனால் என் பெட்டியிலிருந்து மருந்து வெளியே போய் இன்னொருவர் கையில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மாதம்மாள் என்று ஒரு பெண் மூன்றாவது பிரசவத்துக்கு வந்தாள். பக்கத்து ஊர், இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உள்ள குடும்பம். புருஷன் பெயர் சின்னசாமி. காலையிலேயே வந்துவிட்டார்கள். அவள் வலியோடு வராந்தாவில் நடந்துகொண்டே, நான் ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்து எனக்குக் கும்பிடு போட்டது ஞாபகம் இருக்கிறது. ஒரு மணிக்கு நான் வழக்கம்போலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். சைக்கிளில் ஐந்து நிமிஷம். உன் அம்மா களி கிண்டி, கீரை கடைந்து வைத்திருந்தாள். இரண்டு உருண்டையில் ஒன்றை முடித்திருப்பேன், வாசலில் பாவாயி வந்து நின்றாள். அவள் ஆஸ்பத்திரி ஆயா. அறுபதை நெருங்கியவள், வெயிலில் செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"சார், அந்தப் பொண்ணுக்குப் பையன் பொறந்துட்டானுங்க. ரத்தம் நிக்கல. சிஸ்டர் ஊசி கேக்கறாங்க."

"சீட்டு எங்க?" என்றேன்.

"சீட்டெல்லாம் எழுதலீங்க. டாக்டரம்மா கையி ரெண்டும் உள்ளார இருக்குதுங்க. ரத்தம் நெறையப் போவுதுங்க சார்."

"சீட்டு இல்லாம எப்படிம்மா எடுத்துத் தர்றது? சரி, நில்லு. சாப்ட்டுட்டு நானே வந்து பாக்கறேன்."

"சாவியவாச்சும் குடுங்க சார். சிஸ்டர் எடுத்துக்குவாங்க."

"சாவியெல்லாம் உன் கையில குடுக்க முடியாது."

உன் அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "போயிட்டுத்தான் வாங்களேன். வந்தா வேற கிண்டித் தரேன்" என்றாள். இரண்டாவது உருண்டையைச் சாப்பிட்டேன். மோர் குடித்தேன். கை கழுவினேன். பாவாயி வாசற்படியில் நின்றபடியே இருந்தாள். ஒருமுறை "சார்" என்று கூப்பிட்டாள், அவ்வளவுதான். மொத்தம் பதினைந்து நிமிஷம் இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் போவது சகஜம், ஜனங்கள் எதற்கெடுத்தாலும் அலறுவார்கள் என்று நினைத்தேன். சைக்கிளில் சாவகாசமாகத்தான் போனேன். ஆஸ்பத்திரி கேட் அருகே வந்தபோதுதான் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு அங்கிருந்து ஓடினேன்.

ஊசி போட்டார்கள். கட்டிலின் கால்மாட்டுக்குக் கீழே செங்கல் வைத்துத் தூக்கினார்கள். உப்பு நீர் ஏற்றினார்கள். பிறகு ஜீப்பில் ஏற்றித் தர்மபுரிக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் மாதம்மாள் போய்விட்டாள். குழந்தை பிழைத்துவிட்டது. சாயந்திரம் சின்னசாமி என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஓட்டமா ஓடியாந்தீங்க சாமி, நான் பார்த்தேன். எங்க விதி" என்றார். நான் அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தேன். அது நான் செய்ததில் எல்லாவற்றையும்விட மோசமானது என்று இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் டாக்டரம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். சென்னையில் படித்தவர், தமிழில் திட்டத் தெரியாதவர் என்று நாங்கள் கேலி பேசுவோம். அவர் யாரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, புறநோயாளிகள் எல்லாம் போன பிறகு, பிரசவ அறைக்கு எங்களை வரச் சொன்னார். கட்டிலில் வைக்கோல் திணித்த ஒரு சாக்கு படுத்திருந்தது. பழைய புடவையில் சுற்றிய துணிக் குழந்தை ஒன்று. சாக்குக்குக் கீழே, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் பை. அதில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். "அன்னிக்கு நடந்ததை அப்படியே மறுபடியும் செஞ்சு பாக்கப் போறோம். யார் எங்க இருந்தீங்களோ அங்க போய் நில்லுங்க. நான் சொன்னதும் ஆரம்பிங்க" என்றார். கையில் நோட்டும் கடிகாரமும் வைத்திருந்தார்.

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. கமலம் சிஸ்டர் அந்தச் சாக்கைத் தொடவே இல்லை. ஜீப் டிரைவர் காதர் பாய் மட்டும் சொன்னபடி வெளியே போய் ஜீப் பக்கத்தில் நின்றார். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளே தலையை நீட்டி, "டாக்டரம்மா, ஒண்ணு சொல்லலாங்களா? அன்னிக்கு நான் ஜீப்போட இங்கதான் நின்னேன். பாவாயி ஓடறதப் பார்த்தேன். டீ வாங்கப் போவுதுன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல கம்பவுண்டர ஏத்திக்கிட்டு வந்திருப்பேனே. இல்லாட்டி ஸ்பானர் இருந்துச்சு, பூட்ட ஒடச்சிருக்கலாம்" என்றார். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை. டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார்.

பிறகு என் முறை வந்தது. "பாவாயி உங்க வீட்டுக்கு வந்தாங்க. அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உடனே கிளம்பிட்டேனுங்க" என்றேன். டாக்டரம்மா பாவாயியைப் பார்த்தார். பாவாயி தரையைப் பார்த்தபடி, "ஆமாங்க, ஒடனே வந்துட்டாருங்க" என்றாள். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை. பயம்தான். அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

டாக்டரம்மா பாவாயியை ஓடவிட்டு, என்னைச் சைக்கிளில் வரவிட்டுப் பார்த்தார். பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அன்றைக்கு ரத்தம் கொட்ட ஆரம்பித்ததிலிருந்து ஊசி வரும்வரை அவர் தன் கைக்கடிகாரத்தில் பார்த்தது இருபத்தேழு. "கணக்கு இடிக்குதே. ஒரு பதினஞ்சு நிமிஷம் எங்கயோ போயிருக்கு" என்றார். அப்போது கமலம் சிஸ்டர் மெதுவாக, "நான்தான் லேட்டா அனுப்பிட்டேன் போலிருக்குங்க. பதட்டத்துல எனக்கு நேரம் தெரியல" என்றார். நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அப்படியே எழுதப்பட்டு, விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. அவர் தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி தொடர்ந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, எப்போது என்று சொல்ல மாட்டார். டாக்டரம்மா திடீரென்று மணி அடிப்பார். எல்லோரும் ஓட வேண்டும். கமலம் சிஸ்டர் ஒவ்வொரு முறையும் மணி அடித்த நொடியே பாவாயியை விரட்டுவார். செய்யாத தவறைத் திருத்திக்கொள்ள அவர் அவ்வளவு பாடுபட்டார். சாக்கின் வயிற்றை அமுக்கிக்கொண்டே அவர் கண் கலங்கியதை இரண்டு முறை பார்த்தேன். அந்த இரண்டு மாதமும் நான் வீட்டில் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. உன் அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, டாக்டரம்மா ஆட்களை மாற்றினார். அடுத்தவர் வேலை எவ்வளவு சிரமம் என்று தெரியட்டும் என்றார். காதர் பாய் டாக்டர். கமலம் சிஸ்டர் சாக்குக்குப் பதிலாகக் கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் பாவாயி. பாவாயி கம்பவுண்டர். அவளை மருந்து அறைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, அதுதான் என் வீடு என்று வைத்துக்கொண்டோம். மணி அடித்தது. நான் ஓடிப் போய், "ரத்தம் நிக்கல, ஊசி வேணும்" என்றேன். பாவாயி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீட்டு எங்க?" என்றாள்.

காதர் பாய் உள்ளே இருந்தபடியே சிரித்துவிட்டார். என் வாடிக்கையான பேச்சை அவள் கேலி செய்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "நில்லு, சாப்ட்டுட்டு நானே வந்து பாக்கறேன்" என்றாள். பிறகு, "சாவியெல்லாம் உன் கையில குடுக்க முடியாது" என்றாள். குரலில் கோபமில்லை, கிண்டலுமில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். இன்னும் கொஞ்சம் சிரிப்புக் கேட்டது, அப்புறம் அடங்கிவிட்டது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இது நடந்ததுங்க. அன்னிக்கு வீட்டு வாசல்ல பாவாயிகிட்ட நான் சொன்னது இதுதான். பதினஞ்சு நிமிஷம் சாப்பிட்டேன்" என்றேன். கட்டிலில் படுத்திருந்த கமலம் சிஸ்டர் எழுந்து உட்கார்ந்தார்.

பிறகு ஒருநாள் பாவாயியிடம் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அதற்குள் நான் அவளை வாங்க போங்க என்று பேச ஆரம்பித்திருந்தேன். "எனக்கு வேற என்ன பேசறதுன்னு தெரியலீங்க சார். கம்பவுண்டரு அவசரத்துல என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானுங்களே" என்றாள். அவள் வேண்டுமென்று செய்தாளா இல்லையா என்று நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை. எப்படி இருந்தாலும் அவளுக்கு நான் கடமைப்பட்டவன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அப்ப அந்தப் பதினஞ்சு நிமிஷம் இங்க இருந்திருக்கு" என்று சொல்லி நோட்டில் திருத்தி எழுதினார். அன்று சாயந்திரமே பிரசவ அறையில் ஈர மணல் போட்ட மண்பானை வந்தது. தினமும் காலையில் இரண்டு ஊசியைக் கறுப்புத் தாளில் சுற்றி அதில் வைக்க வேண்டியது என் வேலை. நான் மேலிடத்துக்கு நடந்ததை எழுதினேன். எனக்கு மெமோ வந்து என் பணிப்பதிவேட்டில் ஏறியது. கமலம் சிஸ்டர் பெயரில் இருந்த குறிப்பை நீக்க மட்டும் ஒன்றரை வருஷம் ஆனது. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வேலைக்கு வேண்டியதைச் சொல்வார், கேட்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

சின்னசாமியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். ராகி அறுப்பு முடிந்து மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் கயிற்றை முடிந்துவிட்டுத் திரும்பி, "இப்ப எதுக்குங்க இத எங்கிட்டச் சொல்றீங்க?" என்றார். நான் சைக்கிளை எடுத்தேன். அவருக்காகப் போனேனா, எனக்காகப் போனேனா என்று வழியெல்லாம் யோசித்தேன். எனக்காகத்தான். சொன்னது சரி, ஆனால் அதனால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை. நீ ஒருநாள் இப்படி யாரிடமாவது போய் நிற்க வேண்டி வந்தால், மன்னிப்பு வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்று எண்ணிப் போகாதே.

நேரத்துக்கு ஊசி போட்டிருந்தால் மாதம்மாள் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவைக் கேட்டிருக்கிறேன். "சொல்ல முடியாது. ரத்தசோகை இருந்துச்சு" என்றார். அந்தச் 'சொல்ல முடியாது' என்ற வார்த்தைக்குள் நான் பல வருஷம் ஒதுங்கியிருந்தேன். உன் தொழிலில் அந்த வார்த்தை உனக்கு நிறையக் கிடைக்கும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அதுதான் அதிலுள்ள ஆபத்து.

உனக்குச் சொல்ல நினைத்தவை இரண்டொன்றுதான். பயிற்சியில் உன் வார்டு ஆயாவையும் டிரைவரையும் சேர்த்துக்கொள். ஓரமாக நிற்கவைக்காமல் பேசவிடு. எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த கோளாறு முழுவதும் அவர்கள் இருவருக்கும்தான் தெரிந்திருந்தது. ஒரு தவறை நல்லவர் ஒருவர் முந்திக்கொண்டு தன் தலையில் போட்டுக்கொண்டால் உடனே நம்பிவிடாதே. பக்கத்தில் யார் பேசாமல் நிற்கிறார் என்று பார். அன்றைக்கு அப்படிப் பார்த்திருந்தால் நான் கண்ணில் பட்டிருப்பேன்.

அடுத்த வருஷம் கோடையில் பொன்னி என்று ஒரு பெண் வந்தாள். வத்தல்மலையில் கட்டிக்கொடுத்தவள், தலைப்பிரசவத்துக்காக எங்கள் பக்கம் தாய்வீட்டுக்கு இறங்கி வந்திருந்தாள். டாக்டரம்மா அன்று தடுப்பூசி முகாமுக்காக வேறு ஊருக்கு வாடகைக் காரில் போயிருந்தார். குழந்தை பிறந்தது, பெண். கொஞ்ச நேரத்தில் ரத்தம் வாளியில் ஊற்றுகிற மாதிரி போக ஆரம்பித்தது. கமலம் சிஸ்டர் ஒருமுறை "மணி" என்றார். பாவாயி மணியை அடித்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது சிஸ்டரின் ஒரு கை பொன்னியின் வயிற்றில் இருந்தது. "பிரஷர் பாருங்க" என்றார். பிரஷர் அதிகமிருந்தால் அந்த ஊசி போடக்கூடாது. பார்த்துச் சொன்னேன். பானையிலிருந்து எடுத்து உடைத்துக் கொடுத்தேன். காதர் பாய் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே போய் ஜீப்பை ஸ்டார்ட் செய்தார். உப்பு நீர் பாட்டிலை நான் தூக்கிப் பிடித்தேன். ஒருவரும் கத்தவில்லை.

பாவாயி பொன்னியின் தலைமாட்டில் குனிந்து பேசிக்கொண்டே இருந்தாள். "ஊசி போட்டாச்சு கண்ணு. இப்ப சிஸ்டரு வயித்த அமுக்குவாங்க, வலிக்கும், பொறுத்துக்க. உம் பாப்பா அங்க இருக்குது பாரு, கையக் கால ஆட்டுது" என்று. அதையும் பயிற்சியில்தான் கற்றுக்கொண்டோம். முன்பு கட்டிலில் நோயாளியாகப் படுத்திருந்த கமலம் சிஸ்டர், "எல்லாரும் என்னச் சுத்தி ஓடறீங்க, எனக்கு என்ன ஆவுதுன்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியே" என்று சொல்லியிருந்தார்.

மணி அடித்து மூன்று நிமிஷத்தில் ஊசி உள்ளே போயிருந்தது. சிஸ்டரின் கைக்குக் கீழே கர்ப்பப்பை இறுகுவது அவர் முகத்தில் தெரிந்தது. ரத்தம் குறைந்தது, பிறகு நின்றது. ஜீப்பில் ஏற்றித் தர்மபுரிக்கு அனுப்பி, நாலாம் நாள் பொன்னி குழந்தையோடு திரும்பி வந்தாள். எங்களுக்கு ஒரு கூடை பலாச்சுளை கொண்டுவந்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவளை அனுப்பிய அந்த மத்தியானத்தைப் பற்றி. ஜீப் போன பிறகு, பின்பக்கக் குழாயடியில் கமலம் சிஸ்டர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் என் முறைக்காக நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார். ஒன்பது மாதத்தில் வேலைக்கு வெளியே அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இவ்வளவுதான வேல, சார். அன்னிக்கும் இவ்வளவுதான இருந்துருக்கும்."

"ஆமாங்க சிஸ்டர்" என்றேன்.

அவர் குழாயை மூடாமல் எனக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றார்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

அப்பா